மழலையா, குறைபாடா? – தமிழ்க் காது இல்லாத கிளினிக்குகளும் எங்கள் பிள்ளைகளும்

வன்னியில் ஒரு முன்பள்ளி. காலைச் சாப்பாட்டு நேரம். நாலரை வயதுப் பொடியன் ஒருவன் ரீச்சரிடம் எதையோ கேட்கிறான். "தியந்து" என்கிறான். ரீச்சருக்கு விளங்கவில்லை. திரும்பக் கேட்கிறார். அவனும் திரும்ப "தியந்து" என்கிறான். மூன்றாம் முறை பக்கத்தில் இருந்த பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அன்று முழுவதும் அவன் வாய் திறக்கவில்லை. மத்தியானம் அவனைக் கூட்டிப்போக வந்த அம்மம்மாவிடம் ரீச்சர் விசாரித்திருக்கிறார். "அது கிழங்கு, பிள்ளை. அவனுக்குக் கிழங்கெண்டால் உயிர்" என்று அவர் சொன்னாராம்.

இதை எனக்குச் சொன்ன அந்த ரீச்சர் இரண்டு கேள்விகளைக் கேட்டார். "இது தானாச் சரிவருமா, இல்லாட்டி ஆருக்காவது காட்டவேணுமா? காட்டுறதெண்டால் எங்க கொண்டுபோய்க் காட்டுறது?"

முதலாவது கேள்விக்கு அறிவியலிடம் பதில் இருக்கிறது. இரண்டாவது கேள்விக்கான பதில் அரசியலில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்கவேண்டும்.

பிழையிலும் ஓர் ஒழுங்கு

"தியந்து" என்பது கேட்பவருக்கு ஒரு குழப்பமான சொல். ஆனால் அந்தப் பிள்ளை குழப்பமாகப் பேசவில்லை. அவன் இரண்டே இரண்டு விதிகளைப் பின்பற்றுகிறான்.

முதலாவது விதி: நாக்கின் பின்பகுதியால் பிறக்கும் ஒலிகளை எல்லாம் அவன் நாக்கின் நுனிக்குக் கொண்டு வருகிறான். எனவே ககரம் தகரமாகிறது. "ங்கு" என்பது "ந்து" ஆகிறது. இரண்டாவது விதி: ழகரத்தை யகரமாக்குகிறான். இரண்டும் சேர்ந்தால் கிழங்கு "தியந்து" ஆகும். இதே விதிகளின்படி அவன் கோழியைத் "தோயி" என்பான், அக்காவை "அத்தா" என்பான், பழத்தைப் "பயம்" என்பான். கேட்டுப் பார்த்தபோது அவன் அப்படித்தான் சொல்கிறான் என்று ரீச்சர் உறுதிப்படுத்தினார்.

உலகெங்கும் சிறு பிள்ளைகள் இப்படி விதிப்படிதான் பிழை விடுகிறார்கள். அமெரிக்க மொழியியலாளர் டேவிட் ஸ்ராம்ப் 1960களின் கடைசியில் இதை ஒரு கோட்பாடாக முன்வைத்தார். கடினமான ஒலிகளை எளிதாக்கும் இயல்பான போக்குகள் பிள்ளைகளிடம் பிறப்பிலேயே இருக்கின்றன, பேச்சு வளர்வது என்பது அந்தப் போக்குகளை ஒவ்வொன்றாக அடக்கக் கற்பதுதான் என்பது அவருடைய வாதம். அந்தக் கோட்பாட்டை இன்று எல்லோரும் அப்படியே ஏற்பதில்லை. ஆனால் அவர் காட்டிய போக்குகளைத்தான் இன்றைக்கும் பேச்சுச் சிகிச்சையாளர்கள் கிளினிக்கில் குறித்துக்கொள்கிறார்கள்.

எங்கள் வீடுகளில் அவை எல்லோருக்கும் தெரிந்தவை. கதிரை "ததிரை" ஆவது ஒரு போக்கு. சோறு "தோறு" ஆவது இன்னொன்று. இங்கே காற்று உரசி வரும் ஒலிக்குப் பதிலாகக் காற்றை அடைத்து விடும் ஒலி வருகிறது. ராசா "லாசா" ஆவதும் மழை "மயை" ஆவதும் மற்றொன்று. மரக்கறி "மக்கறி" ஆகும்போது நடு அசை விழுந்துவிடுகிறது. தொப்பி "பொப்பி" ஆகும்போது முன்னால் உள்ள ஒலி பின்னால் வரும் ஒலியைப் போல மாறிவிடுகிறது.

எந்த ஒலி வாயில் எங்கே பிறக்கிறது என்ற அறிவு தமிழுக்குப் புதிதல்ல. தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரத்தில் மூன்றாவது இயல் பிறப்பியல். நாக்கு எங்கே தொடுகிறது, எங்கே வருடுகிறது என்று ஒவ்வோர் எழுத்துக்கும் அது சொல்கிறது. இவ்வளவு நுட்பமாக ஒலியைக் கவனித்த ஒரு மொழியின் பிள்ளைகளுக்கு, அவர்களுடைய ஒலியைக் கவனிக்க இன்று ஆளில்லை என்பதுதான் துயரம்.

பிள்ளையின் பேச்சை முறையாக ஆராய்ந்த முன்னோடிகளில் ஒருவர் ரோமன் யாக்கோப்சன். அவர் ஒரு யூதர். நாசிகளிடமிருந்து தப்பி செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து டென்மார்க், நோர்வே, சுவீடன் என்று ஓடிய அகதி. அந்த ஓட்டத்தின் நடுவே 1941இல் சுவீடனில் அவர் வெளியிட்ட நூல், பிள்ளைகள் ஒலிகளைப் பெறுகின்ற வரிசையையும் மூளை பாதிக்கப்பட்டவர்கள் ஒலிகளை இழக்கின்ற வரிசையையும் ஒப்பிட்டது. உதடுகளை மூடித் திறக்கும் பகரமும் மகரமும் ஆகாரமும் முதலில் வரும் என்றார். "அம்மா", "அப்பா" என்பவை எங்கள் பிள்ளைகளுக்கு ஏன் முதலில் வருகின்றன என்பதற்கு அதில் ஒரு விளக்கம் உண்டு.

இன்னொரு விடயமும் பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிள்ளை பிழையாகச் சொல்வதால் அது பிழையாகக் கேட்கிறது என்று அர்த்தமில்லை. நீங்கள் பகிடியாக "ததிரையா வேணும்?" என்று கேட்டுப் பாருங்கள். "இல்லை, ததிரை!" என்று பிள்ளை கோபிக்கும். நீங்கள் சொன்னது பிழை என்று அதற்குத் தெரியும். தான் சொன்னதும் அதேதான் என்பது அதற்குத் தெரியாது. 1960இல் ஜீன் பெர்க்கோ, ரோஜர் பிரவுண் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் ஓர் ஆங்கிலப் பிள்ளையிடம் இதையே பதிவு செய்தார்கள். எனவே "வடிவாச் சொல்லு, வடிவாச் சொல்லு" என்று அதட்டுவதால் பெரிய பயன் இல்லை. பிள்ளை வடிவாகத்தான் சொல்கிறேன் என்று நினைக்கிறது.

எப்போது கவலைப்பட வேண்டும்?

மழலை எல்லாம் குறைபாடு அல்ல. பெரும்பாலான பிள்ளைகளில் இந்தப் போக்குகள் தாமாகவே மறைகின்றன. அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஷரின் மக்லவுட், கத்ரின் குரோ இருவரும் 2018இல் 27 மொழிகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஐந்து வயதுக்குள் பிள்ளைகள் தங்கள் மொழியின் மெய்யொலிகளில் பெரும்பாலானவற்றைச் சரியாக ஒலிக்கிறார்கள் என்பது அவர்கள் கண்ட முடிவு. ரகரம் போன்ற ஒலிகள் பல மொழிகளில் பிந்தி வருபவை. எனவே நாலு வயதில் ராசாவை "லாசா" என்பதற்காகப் பதறத் தேவையில்லை.

வைத்தியர்கள் பொதுவாகப் பயன்படுத்தும் ஓர் எளிய கணக்கு இருக்கிறது. பிள்ளை பேசுவதில் எவ்வளவு, அதைப் பழகாத ஒருவருக்கு விளங்குகிறது? இரண்டு வயதில் ஏறக்குறைய பாதி, மூன்று வயதில் முக்கால்வாசி, நாலு வயதில் ஏறக்குறைய முழுவதும் விளங்கவேண்டும். வீட்டாருக்கு விளங்குவது கணக்கில் வராது. அம்மம்மாவுக்கு எப்போதும் விளங்கும்.

வேறு சில அறிகுறிகளும் உண்டு. ஒரே சொல்லைக் காலையில் ஒரு மாதிரியும் மாலையில் இன்னொரு மாதிரியும் சொல்வது. தகரத்தைக் ககரமாக்குவது போல வழமைக்கு எதிர்த்திசையில் போவது. உயிரொலிகளே பிசகுவது. மூக்கால் காற்று வருவது. முன்பு பேசிய சொற்கள் இல்லாமற் போவது. இவற்றில் எது இருந்தாலும் வயது வரட்டும் என்று காத்திருக்கக்கூடாது. எந்தப் பிள்ளைக்கும் முதலில் செய்யவேண்டியது காது கேட்டல் பரிசோதனை. சளி பிடித்து நடுக்காதில் நீர் கட்டிக்கொண்டே இருக்கும் பிள்ளைக்கு ஒலிகள் தெளிவில்லாமற் போகலாம். அதை யாரும் செவிட்டுத்தன்மை என்று நினைப்பதில்லை.

நாக்கில் வசம்பு தேய்ப்பதும், நாக்குக்குக் கீழுள்ள சவ்வை வெட்டுவித்தால் பேச்சு வரும் என்பதும் எங்கள் ஊர்களில் இன்னும் உண்டு. ககரம் பிறப்பது நாக்கின் பின்பகுதியில். முன்னால் உள்ள சவ்வை வெட்டி அதைத் திருத்த முடியாது.

தியந்து சொன்ன பொடியனுக்கு நாலரை வயது. அவனுடைய பேச்சு விதிப்படி நடக்கிறது என்பது நல்ல அறிகுறி. ஆனால் இந்த வயதில் இரண்டு விதிகளும் ஒரே நேரத்தில் நீடிப்பதும், வெளியாருக்கு அவன் பேசுவது விளங்காமல் இருப்பதும் ஒருவர் அவனைப் பார்க்கவேண்டும் என்பதையே காட்டுகின்றன. பாடசாலைக்குப் போகும் வயதிலும் இந்தச் சிக்கல் தொடர்ந்தால் வாசிப்பிலும் எழுத்திலும் பின்தங்கும் வாய்ப்புக் கூடும். பேச்சில் பிரியாத இரண்டு ஒலிகளைக் கொப்பியில் இரண்டு எழுத்துகளாகப் பிரிப்பது பிள்ளைக்குக் கடினம்.

எனவே முதலாவது கேள்விக்குப் பதில்: காட்டவேண்டும். இனி இரண்டாவது கேள்வி. எங்கே?

யாருடைய காது கேட்கிறது?

இலங்கையில் பேச்சு மொழிச் சிகிச்சைக்கான பயிற்சி 1990களின் பிற்பகுதியில் களனிப் பல்கலைக்கழகத்தின் ராகம மருத்துவ பீடத்தில் டிப்ளோமாவாகத் தொடங்கியது. 2008 அளவில் அது பட்டப்படிப்பாகியது. அங்கிருந்து வெளிவந்தவர்கள்தான் நாடெங்கும் வைத்தியசாலைகளில் வேலை செய்கிறார்கள். அவர்களில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் மிகச் சிலர். வடக்குக் கிழக்கிலும் மலையகத்திலும் ஒரு தாய் தன் மொழியில் பேசக்கூடிய சிகிச்சையாளரைச் சந்திப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

இதை வெறும் மொழிபெயர்ப்பாளர் பிரச்சினையாகப் பார்ப்பவர்கள் உண்டு. ஒரு தாதி பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தால் போதுமே என்பார்கள். போதாது. காய்ச்சலை மொழிபெயர்க்கலாம். ஒலியை மொழிபெயர்க்க முடியாது.

1984இல் கனடாவில் ஜனெற் வேர்க்கர், ரிச்சர்ட் ரீஸ் என்ற ஆய்வாளர்கள் கைக்குழந்தைகளை வைத்து ஒரு பரிசோதனை செய்தார்கள். ஹிந்தியில் உள்ள தகர, டகர ஒலிகளை ஆங்கில வீட்டுக் குழந்தைகள் ஆறு தொடக்கம் எட்டு மாதங்களில் வேறுபடுத்திக் கேட்டன. பத்து தொடக்கம் பன்னிரண்டு மாதங்கள் ஆனபோது அவற்றில் பெரும்பாலானவற்றால் அது முடியவில்லை. தம் மொழிக்குத் தேவையில்லாத வேறுபாட்டைக் காது கைவிட்டுவிடுகிறது. அதாவது ஒரு மனிதரின் காது ஒரு வயதாகும்போதே அவருடைய மொழிக்கு ஏற்றபடி செதுக்கப்பட்டுவிடுகிறது.

இதை இலங்கைக்குப் பொருத்திப் பாருங்கள். சிங்கள எழுத்தில் இரண்டு லகரங்களும் இரண்டு னகரங்களும் உண்டு. ஆனால் இன்றைய சிங்களப் பேச்சில் அவை ஒன்றாகிவிட்டன. ழகரம் அங்கே இல்லை. எனவே ஒரு தமிழ்ப் பிள்ளை "பள்ளி"யைப் "பல்லி" என்றால், சிங்களத்தில் வளர்ந்த காது அதைப் பிழையாகப் பிடிக்காமல் விட்டுவிடலாம். இது அந்தச் சிகிச்சையாளரின் குற்றம் அல்ல. சிங்களத்தில் மூக்கொலி கலந்த தடையொலிகள் தனியாக உண்டு. ஒரு சிங்களப் பிள்ளையை என்னிடம் தந்தால் நானும் அதைத் தவறவிடுவேன். போருக்குப் பிறகு எங்கள் பகுதிகளுக்கு வந்து, கிடைத்த தமிழை வைத்துக்கொண்டு மனச்சாட்சியோடு உழைத்த சிங்களச் சிகிச்சையாளர்கள் இருக்கிறார்கள். குறை அவர்களிடம் இல்லை. பிள்ளையின் மொழி என்ன என்று பார்க்காமல் ஆளை அனுப்பும் முறைமையில் இருக்கிறது.

சரி, தமிழகத்திலிருந்து சோதனைகளை எடுத்துக்கொள்ளலாமே? அதிலும் சிக்கல் உண்டு. யாழ்ப்பாணப் பேச்சில் வளர்ந்தவர்களே ழகரத்தைப் பெரும்பாலும் ளகரமாகத்தான் ஒலிக்கிறோம். ஆகவே எங்கள் பிள்ளை "வாளைப்பளம்" என்றால் அது வட்டார வழக்கு, "வாயப்பயம்" என்றால் அது மழலை. சென்னைப் பேச்சிலோ "வாயப்பயம்" என்று வளர்ந்தவர்களே சொல்வதுண்டு. "காற்று" என்பதில் உள்ள இரட்டை றகரத்தை நாங்கள் ஒலிப்பது போலத் தமிழகத்தில் ஒலிப்பதில்லை. அதனால்தான் அவர்கள் டீச்சர் என்று எழுதுவதை நாங்கள் ரீச்சர் என்று எழுதுகிறோம், டொராண்டோ எங்களுக்கு ரொறன்ரோ ஆகிறது. மட்டக்களப்பின் பேச்சும், மன்னாரின் பேச்சும், மலையகத்தின் பேச்சும் வேறு வேறு. சென்னைக்கு அளந்த சட்டையை முல்லைத்தீவுப் பிள்ளைக்குப் போட்டால், குறையில்லாத பிள்ளையைக் குறையுள்ளது என்போம். குறையுள்ள பிள்ளையை விட்டுவிடுவோம்.

சிகிச்சையிலும் இதே கதைதான். ஒரு ஒலியால் மட்டும் வேறுபடும் இரண்டு சொற்களின் படங்களை வைத்து விளையாடுவது சிகிச்சையாளர்கள் பயன்படுத்தும் ஒரு முறை. காய், தாய். கோழி, தோழி. பிள்ளை காயைக் கேட்க நினைத்துத் "தாய்" என்று சொன்னால் தாயின் படம்தான் கையில் கிடைக்கும். ஒலி மாறினால் பொருள் மாறும் என்பதைப் பிள்ளை அப்போதுதான் கண்டுகொள்கிறது. ஆங்கில அட்டைகளையோ சிங்கள அட்டைகளையோ மொழிபெயர்த்தால் இந்த விளையாட்டு நடக்காது. அது அந்தந்த மொழிக்குள்ளேயேதான் பிறக்கவேண்டும்.

போர் விட்டுப்போன வீடு

எல்லாப் பேச்சுச் சிக்கலுக்கும் போரைக் காரணமாகச் சொல்ல முடியாது. பெரும்பாலான பிள்ளைகளில் காரணம் இன்னதென்று கண்டுபிடிக்கப்படுவதேயில்லை. போர் நடக்காத நாடுகளிலும் "ததிரை" சொல்லும் பிள்ளைகள் உண்டு. ஆனால் சிக்கலைக் கண்டுபிடிக்கும் வழியையும் சரிசெய்யும் வழியையும் போர் அடைத்திருக்கிறது.

1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் கைக்குழந்தைகளாகத் தூக்கிச் செல்லப்பட்டவர்கள் இன்று தாய் தகப்பன்மார். 2009இல் முள்ளிவாய்க்காலுக்குள்ளும் பிறகு செட்டிகுளம் முகாம்களிலும் பால் குடித்த பிள்ளைகள் இன்று வளர்ந்துவிட்டார்கள். செல் சத்தத்தில் காது பாதிக்கப்பட்ட பெரியவர்கள் இருக்கிறார்கள். துயரத்தால் பேச்சுக் குறைந்த வீடுகள் இருக்கின்றன. பிள்ளை பேச்சைப் பெறுவது பெரியவர்களின் வாயிலிருந்து. அப்படியான வீடுகளில் பிள்ளை பேசாதிருப்பதும் உளறுவதும் யாருடைய கண்ணிலும் சீக்கிரம் படுவதில்லை. "பசியில்லாமல் இருந்தால் போதும்" என்பதே அங்கே பெரிய கவலை.

பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களில் ஒரு நாள் கிளினிக் என்பது ஒரு நாள் கூலி. பேச்சுச் சிகிச்சை ஒரு நாளில் முடியும் விடயம் அல்ல. கிழமைக் கணக்கில் மாதக் கணக்கில் போய்வர வேண்டும். உட்கிராமத்திலிருந்து இரண்டு பஸ் மாறிப் பெரிய வைத்தியசாலைக்கு வந்த ஒரு தாயிடம், தமிழ் தெரிந்தவர் இல்லை, அடுத்த மாதம் வாருங்கள் என்று சொன்னால் அவர் திரும்ப வருவாரா? 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு சுகாதாரத் துறையினர் பலர் நாட்டை விட்டுப் போனதும் இந்தச் சுமையைக் கூட்டியிருக்கிறது.

சட்டத்தில் எங்களுக்குக் குறை இல்லை. 1987இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. 1991இல் இலங்கை சிறுவர் உரிமைகள் சமவாயத்தை ஏற்றது. 1996இல் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான சட்டம் வந்தது. ஆனால் மொழியுரிமை என்றவுடன் நாங்கள் பெயர்ப்பலகையில் உள்ள எழுத்துப்பிழையைப் படம் எடுத்து முகநூலில் போடுகிறோம். அது தேவையானதுதான். ஆனால் ஒரு பிள்ளையின் வாயில் தமிழ் முழுமையாக உருவாகாமல் நின்றுவிடுவதும் மொழியுரிமைப் பிரச்சினைதான் என்று எந்த மேடையிலும் யாரும் பேசுவதில்லை.

இனி என்ன செய்யலாம்?

ஒன்று, அளவுகோல். எங்கள் பிள்ளைகள் எந்த வயதில் எந்த ஒலியைப் பெறுகிறார்கள் என்பதை யாழ்ப்பாணம், வன்னி, மன்னார், திருகோணமலை, மட்டக்களப்பு, மலையகம் என்று வட்டாரம் வட்டாரமாகப் பதிவுசெய்ய வேண்டும். வளர்ந்தவர்களின் யாழ்ப்பாணத் தமிழைப் பேராசிரியர் சு. சுசீந்திரராசா மொழியியல் முறையில் ஆராய்ந்து வைத்திருக்கிறார். அந்த அத்திவாரத்தில் பிள்ளைகளின் பேச்சுக்கும் ஒரு கட்டடம் எழவேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மொழியியலும் இருக்கிறது, மருத்துவ பீடமும் இருக்கிறது. இரண்டையும் ஒரே மேசையில் இருத்துவதற்குக் கொழும்பின் அனுமதி தேவையில்லை.

இரண்டு, ஆட்கள். தமிழ் மாணவர்கள் இத்துறைக்குப் போகவேண்டும். உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு வைத்தியர் என்ற ஒரே கனவைத்தான் நாங்கள் ஊட்டுகிறோம். வெட்டுப்புள்ளி ஒன்றிரண்டால் தவறினால் வீடு இழவு வீடாகிறது. பேச்சு மொழிச் சிகிச்சை என்று ஒரு துறை இருப்பதே பலருக்குத் தெரியாது.

மூன்று, முன்பள்ளி. சிக்கலை முதலில் காணக்கூடியவர் முன்பள்ளி ரீச்சர்தான். முன்பள்ளிகள் மாகாணத்தின் பொறுப்பு. ஆனால் வடக்கு மாகாண சபையின் ஆயுள் 2018 ஒக்ரோபரிலும், கிழக்கு மாகாண சபையின் ஆயுள் 2017 செப்ரெம்பரிலும் முடிந்துவிட்டன. போருக்குப் பின் வன்னியில் ஒரு பகுதி முன்பள்ளி ஆசிரியர்கள் சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் கீழ் எடுக்கப்பட்டார்கள். மாகாணத்தின் கீழ் இருந்தவர்களுக்குக் கிடைத்தது அதைவிட மிகச் சிறிய கொடுப்பனவு. இப்படிப் பிரிந்து கிடக்கும் ஆசிரியர்களுக்கு எந்த அறிகுறியைக் கவனிப்பது, யாரிடம் அனுப்புவது என்ற ஒரு நாள் பயிற்சியைக் கொடுப்பதற்குப் பெரிய நிதி வேண்டியதில்லை. புலம்பெயர்ந்த ஊர்ச் சங்கங்கள் ஒரு மண்டபத்துக்குக் கொடுக்கும் காசில் ஒரு பகுதி போதும்.

நாலு, வீடு. பிள்ளை "தியந்து" என்றால் சிரிக்காதீர்கள். திரும்பச் சொல்லச் சொல்லி நெருக்காதீர்கள். "ஓம், கிழங்கு. சுட்ட கிழங்கு. கிழங்கு சூடா இருக்கு" என்று சரியான சொல்லை நீங்கள் இரண்டு மூன்று தரம் சொல்லுங்கள். பிள்ளை கேட்டுக்கொள்ளும். ஊமை, கொன்னை என்ற பட்டப்பெயர்களை உங்கள் வளவுக்குள் விடாதீர்கள்.

அந்த ரீச்சரோடு போன கிழமை கதைத்தேன். பொடியனுடைய காதைச் சோதித்ததில் பிழை இல்லை. பேச்சுச் சிகிச்சைக்குத் திகதி கொடுத்திருக்கிறார்கள். அதற்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. அதுவரை ரீச்சர் தானே கடதாசியில் ஒரு கோழியும் ஒரு தோழியும் கீறி வைத்துக்கொண்டு தினமும் பத்து நிமிடம் அவனோடு விளையாடுகிறார். "சரியாச் செய்யிறனோ தெரியாது. ஆனால் இப்ப திரும்பவும் வாய் திறந்து கேக்கிறான்" என்றார்.